பந்தாட்டத்துக்குப் பெண் கேட்டுப் போனேன்

திருநெல்வேலி சந்திப்பில் இறங்கியதும் செய்த முதல் காரியம், சட்டைப்பையைத் தடவி மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. எது வயிற்றுக்கு, எது தலைவலிக்கு என்பதுதான் மறந்துபோயிருந்தது. வயிறும் தலையும் நன்றாகவே இருந்தன. பயம் மட்டும் வந்திருந்தது. அதற்கு மாத்திரை எடுத்துவரவில்லை.

பயத்துக்குக் காரணம், வந்த காரியம். அமெரிக்காவில் என் பக்கத்து வீட்டுக்காரி லிண்டா, எங்கள் ஊர்க் கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். மணிமுத்தாறில் இருக்கும் இசக்கி என்ற பெண் ஆடுகிற வீடியோவை எங்கேயோ பார்த்துவிட்டு, படிப்பும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்று இடம் கொடுத்துவிட்டாள். பெண்ணின் அப்பா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “நீ அந்த ஊர்க்காரன்தானே, போய்ப் பேசிப் பார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தெரியாவிட்டால் அந்த இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள்” என்று வேலி ஓரத்தில் நின்று சொன்னாள். நானும் அக்காவைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். “அதற்கென்ன” என்றது.

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னை அளந்தபடி, அமெரிக்காவில் என்ன சோலி என்று கேட்டார். விளையாட்டுச் செய்தி டிவியில் என்றேன். “டிவியிலயா? மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலியே அண்ணாச்சி.”

சரியாகத்தான் சொன்னார். என் முகம் திரையில் வராது. திரைக்கு அடியில் ஒரு வரி ஓடுமே, யாரும் படிக்காத வரி, இன்னார் இத்தனை, இன்னார் அத்தனை என்று. அதைத் தட்டச்சு செய்கிறவன் நான். அந்த வரியில் கால்பந்து எப்போதும் கடைசிப் பெட்டி. அதற்குள் விளம்பரம் வந்தால் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள்.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற விருந்து இப்போது வியாழக்கிழமை சிறப்பு என்று பலகையில் தொங்குகிறது. தேங்காய்ப் பாலும் இஞ்சித் துவையலும் அதே ருசிதான். வயசுதான் அதே வயசு இல்லை. எதிரில் சாப்பிட்டவர் கைபேசியில் யாரிடமோ, “மூணாவது தவணையும் கட்டியாச்சுவே, இனி நெஞ்சு வலி வந்தா கவலை இல்ல” என்று காப்பீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உடனே நெஞ்சு வலித்தது.

வெள்ளிக்கிழமை கல்லிடைக்குறிச்சி. கோமதி அக்கா வாசலுக்கு வந்து, “ஏலே சங்கரா, இளைச்சிட்டியே” என்றாள். பதினைந்து கிலோ கூடியிருக்கிறேன். அக்காவுக்குக் கண் புரை.

ஆற்றுக்குப் போனேன். அமெரிக்காவில் எங்கள் குளிர் ஊரில் ஆற்றில் இறங்குவதற்குமுன் மூன்று எச்சரிக்கைப் பலகைகளைப் படித்தாக வேண்டும். இங்கே பலகை இல்லாததே பயமாக இருந்தது. படித்துறையில் காலை வைத்ததும் ஏதோ சுற்றிக்கொண்டது. பாம்பு என்று நான் போட்ட சத்தத்தில், துவைத்துக்கொண்டிருந்த பெண் சோப்பை நழுவவிட்டாள். யாரோ பரிகாரத்துக்கு விட்டுப்போன வேட்டி அது. “பாவத்த விட்டுட்டுப் போறான் ஒருத்தன், பயத்த விட்டுட்டுப் போறான் இன்னொருத்தன். ஆறு என்னத்தத்தான் சுமக்கும்?” என்றாள் அவள். தாமிரபரணி கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் ஓடியது. வேட்டிகள் அதைவிட அதிகமாக ஓடின.

அக்கா வீட்டு மாடியில் நின்றால் எதிர் மாடிகளில் அப்பளம் காய்வது தெரியும். வந்த விஷயத்தையும், பெண்ணின் குடும்பம் மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்ததையும் சொன்னேன். “அமெரிக்காவுக்கு இன்ஜினீயர் போவான், டாக்டரு போவான். பந்து ஒதைக்கவா போவாவ? அதுவும் எஸ்டேட்டுப் பிள்ளையா?” என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நிலம் இருந்த காலத்திலிருந்து அப்படியே வந்த பேச்சு. நிலம் போய்விட்டது, பேச்சு போகவில்லை. அப்புறம் கொஞ்சம் யோசித்து, “அப்ப அந்த வெள்ளக்காரி ஒன்னைய மாப்பிள்ளை வீட்டுக்காரனா அனுப்பிருக்கா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். விவரம் இல்லாமல் சிரித்த சிரிப்பு.

சனிக்கிழமை காலையில் பேருந்தில் ஏறி, சன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோது பாபநாசம். “மணிமுத்தாறு இப்படியா இருக்கும்?” என்று கேட்டேன். “மணிமுத்தாறு அந்தப் பக்கம்லா. நீங்க ஏறுனதே வேற வண்டி. நல்லா ஒறங்குதியேன்னு எழுப்பல” என்றார் நடத்துநர். பர்ஸ், கடவுச்சீட்டு, மாத்திரை என்று தடவிப் பார்த்தேன், எல்லாம் இருந்தன. புத்தி மட்டும் கல்லிடைக்குறிச்சியிலேயே இறங்கியிருந்தது. இரண்டு பேருந்தும் ஒரு ஷேர் ஆட்டோவும் மாறி, காலைச் சாப்பாடு இல்லாமல் மணிமுத்தாறு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மேலே மலை நீலமாக, தனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதுபோல நின்றது.

இசக்கியின் அப்பா செல்லத்துரை உயரமான மனிதர். வலது முழங்கால் மடங்காது. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே தோட்டத்து அணிக்கு கோல்கீப்பராக நின்றவர். தோட்டத்தை மூடி எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு இங்கே வாடகை வீட்டில் இருக்கிறார். செங்கல் சூளையில் காவல். மனைவி பேச்சியம்மாள், கொழுந்து பறித்த கையால் இப்போது நாற்று நடுகிறார். தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் தரையில் காலை நீட்டிக்கொண்டார். நானும் தரையில் இறங்கினேன். மரியாதைக்காக என்று அவர் நினைத்திருப்பார். நாற்காலியின் ஒரு காலில் விரிசல் இருந்தது.

“ஒரு வீட்டுக்குப் பொண்ணக் குடுக்குதோம்னா விசாரிக்காமயா குடுப்போம்?” என்று ஆரம்பித்தார். “அந்தத் தெருமுக்கு டீக்கடையில ஒக்காந்து, பையன் எப்படி, மாமியா எப்படின்னு பைய கேக்க மாட்டமா? அமெரிக்காவுல போயி டீ குடிக்க நமக்கு வழி இல்ல. அதான் இதுல விசாரிச்சேன்.” கைபேசியை எடுத்துக் காட்டினார்.

“காலையில எந்திரிச்சதும் ஒங்க ஊரு விளையாட்டுச் செய்தியப் போடுவேன். இங்கிலீஷு புரியாது. பந்து புரியும்லா? ஒருத்தன் தலையில சட்டியக் கவுத்துட்டு முட்டுதான். ஒருத்தன் கூடையில போடுதான். ஒருத்தன் கம்ப வச்சு அடிச்சிட்டு நின்னு வேடிக்கை பாக்கான். ஒரு நா ஒருத்தன் ரொட்டியா முழுங்குதான், சுத்தி நின்னு கைதட்டுதாவ. திங்குதவனக் காட்டுதாவ அண்ணாச்சி. எம்மவ ஆடுத ஆட்டத்தக் காட்டலியே.”

ரொட்டி தின்றவன் எத்தனை தின்றான் என்பதைத் தட்டச்சு செய்தவனே நான்தான். அன்றைக்குப் பெண்கள் கால்பந்தில் ஒரு பெரிய ஆட்டம் பெனால்டி வரைக்கும் போய் முடிந்திருந்தது. இடம் இல்லை என்றார்கள்.

எங்கள் அலுவலகத்தில் இதற்குக் காரணங்கள் தயாராக இருக்கும். கோல் குறைவு. சமநிலையில் முடிந்து தொலைக்கிறது. நம் ஜனங்கள் பார்ப்பதில்லை. இதெல்லாம் வெளியில் சொல்கிற காரணம். உள்ளபடி சொன்னால், ஒரு பாதி ஆட்டம் நிற்காமல் ஓடுகிறது, நடுவில் சோப்பு விற்க முடியவில்லை. நின்று நின்று ஆடும் ஆட்டங்களுக்கே அங்கே மரியாதை. ஜனங்கள் பார்ப்பதில்லை என்பதும் பொய். சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர்ப் பூங்காவுக்குப் போனால் காரை நிறுத்த இடம் கிடைக்காது, அத்தனை பிள்ளைகள் பந்தோடு. ஞாயிற்றுக்கிழமை, ஓட்டல் அடுப்படியில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் அதே புல்லில். அந்த நாட்டுப் பெண்கள் உலகத்தையே ஜெயித்துக் கோப்பை கொண்டுவந்திருக்கிறார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. கோப்பை நடக்கிற நாட்களில் மட்டும் அவர்களைக் கொண்டாடிவிட்டு, கோயில் கொடைக்கு மட்டும் ஊருக்கு வருகிற சொந்தக்காரர்கள் மாதிரி மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுகிறோம். காட்டாததால் பார்ப்பதில்லை, பார்க்காததால் காட்டுவதில்லை என்று ஒரே இடத்தில் சுற்றுகிறோம். எங்கோ மணிமுத்தாறில் ஒருவர் விடிகாலையில் எழுந்து, தன் மகளுக்கு அதில் இடம் இருக்கிறதா என்று தேடுவார் என்பது எங்களில் எவனுக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

இதையெல்லாம் மூச்சு விடாமல் செல்லத்துரையிடம் சொன்னேன். பயந்தால் நான் நிறையப் பேசுவேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “ஆட்டத்துல குத்தம் இல்ல. வீட்டுலதான் குத்தம்னு சொல்லுதிய” என்றார். அப்புறம், “நீங்க அங்க என்ன சோலி பாக்குதிய?” என்று கேட்டார்.

சொன்னேன். “அப்ப அந்த வரிய எழுதுதது நீங்கதானா?”

“எழுதுறது நான். எதை எழுதணும்னு சொல்றது மேலே உள்ளவங்க.”

“எங்கயும் மேல உள்ளவுகதான்” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். “அங்கன எங்களுக்கு ஒரு கிரவுண்டு இருந்துச்சு. ஒரு பக்கம் சரிவு. பந்து தேயிலைக்குள்ள போனா ரெண்டு பேரு அட்டைக்கு ரத்தம் குடுத்துத்தான் எடுத்தாரணும். மஞ்சு எறங்கிட்டுன்னா எதுத்தாப்புல வாரவன் தெரிய மாட்டான். காலடிச் சத்தத்தக் கேட்டுத்தான் நான் பாய்வேன். எங்கப்பாவும் அங்கதான் ஆடுனாரு. தோட்டத்த மூடும்போது பேப்பர்ல நெறைய எழுதுனாவ. தேயிலையப் பத்தி எழுதுனாவ, புலியப் பத்தி எழுதுனாவ. அங்க ஒரு கிரவுண்டு இருந்துச்சுன்னு ஒரு எழுத்து கெடையாது. இப்ப அதுல காட்டுமாடு மேயுதாம். நாங்க ஆடுனமா இல்லையான்னு கேட்டா, சொல்லுததுக்கு ஒரு துண்டுப் பேப்பர் இல்ல. என் கத என்னோட போகட்டும். அவளும் கண்காணாத சீமையில போயி, யாரும் பாக்காம ஆடிட்டு வரணுமா? இங்கன இருந்தா போலீசுல விளையாட்டு ஒதுக்கீட்டுல எடுத்துக்கிடுவாவ. யூனிபார்ம் போட்டா நாலு பேருக்குத் தெரியும்லா.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வயிறு முந்திக்கொண்டு கூப்பாடு போட்டது. “இருங்க, கலர் சோடா வாங்கிட்டு வாரேன்” என்று எழுந்து, காலை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பேச்சியம்மாள் உள்ளேயிருந்து வந்தார். இலை விழுந்தது. சோறு விழுந்தது. அணையில் பிடித்த மீன், புளியும் மிளகாயும் தூக்கலாக. “பசியோட இருக்கிய, பேச்சு எங்க ஓடிரவா போவுது? சாப்பிடுங்க” என்றார். இரண்டு வாய்க்குமேல் நான் மனிதனாக இல்லை. இரண்டாவது தடவை குழம்பு கேட்டேன். மூன்றாவது தடவை கேட்காமலே வந்தது.

பக்கத்து வீட்டம்மாள் எட்டிப் பார்த்தார். “பேச்சி, கை நனைச்சிட்டாவளா?”

“ஆமாக்கா. மூணு தடவ சோறு வாங்கிட்டாவ.”

எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன். பெண் கேட்டு வந்தவன், காரியம் முடிவாகும் முன்னே அந்த வீட்டில் சாப்பிட மாட்டான். காப்பி குடிக்கலாம், கலர் குடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் பேசி முடித்தாச்சு என்று அர்த்தம். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும், பசிக்காத நேரங்களில். அதற்குத்தான் அந்த மனுசன் முடமான காலோடு கலர் வாங்கப் போயிருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் தெருவில் செய்தி பரவி, ஒருவர் வாழைப்பழச் சீப்போடு வந்தார். “எப்பக்கா பயணம்?” என்று கேட்டார் இன்னொருவர். கையைக் கழுவாமலே இருந்துவிட்டால் நனைத்ததாகாது என்று ஒரு வக்கீல் யோசனை வந்தது. மீன் குழம்புக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, போலீஸ் பிடித்த திருடனாக உட்கார்ந்திருந்தேன்.

செல்லத்துரை இரண்டு பாட்டில்களோடு வாசலில் நின்றார். என் கையைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். மீன் முள்ளைப் பார்த்தார். “ஏட்டி, என்ன சோலி பாத்திருக்க?”

“பசிச்ச மனுசனுக்குச் சோறு போட்டேன். அதுல என்ன தப்பு?” பேச்சியம்மாள் தலை நிமிரவில்லை. பாத்திரத்தைத் தேய்த்த வேகத்தில்தான் பதில் இருந்தது. இந்தத் தெருவில் மகளைப் பிடித்து வைக்கக்கூடாது என்று அந்த அம்மாள் எப்போதோ முடிவு செய்திருக்கிறார். ஒரு முட்டாள் பசியோடு வரவேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில் இசக்கி உள்ளே வந்தாள். அப்பாவின் உயரம். முட்டியில் செம்மண். வாழைப்பழம், கூட்டம், என் கை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “யாருக்குக் கல்யாணம்?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. “என்னைய ஒரு வார்த்த கேக்க மாட்டியளோ?” என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

செல்லத்துரை பாட்டில் இரண்டையும் தரையில் வைத்தார். “நாளைக்கு இங்கன ஆட்டம் இருக்கு. வாங்க. பொறவு சொல்லுதேன்.”

ஞாயிறு. தோட்டத்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக்குக் கீழே உள்ள பொட்டலுக்கு வந்து ஆடுகிறார்கள். ஒருவர் அம்பாசமுத்திரத்தில் மூட்டை தூக்குகிறார், ஒருவர் திருநெல்வேலியில் துணிக்கடையில் நிற்கிறார். வாரம் போகப் போக ஆள் குறைகிறது, பேருந்துக்குக் காசு கிடைத்தாலும் முதலாளியிடம் லீவு கிடைப்பதில்லை. அன்றைக்கு ஆணும் பெண்ணும் சேர்த்து எண்ணியும் இரண்டு பக்கத்துக்கும் ஆள் தேறவில்லை. எல்லாருடைய கண்ணும் என்மேல் விழுந்தது.

“சும்மா கம்புக்கு நடுவுல நில்லுங்க அண்ணாச்சி. அசைய வேண்டாம்” என்றார்கள். அசையாமல் நிற்பதில் எனக்கு அலுவலகத்தில் நல்ல பெயர் உண்டு. நின்றேன். கண்ணாடியைக் கழற்றினால் பந்து தெரியாது, போட்டிருந்தால் உடையும். போட்டுக்கொண்டே முகத்தைப் பொத்திக்கொண்டேன். நாடித் துடிப்பை எண்ண முயன்றேன், எண்ணிக்கை மூச்சு வாங்கியது.

இசக்கி எதிரணி. நடுவில் பந்தை வாங்கினாள். துணிக்கடைக்காரரை ஒரு பக்கம் சாயவைத்து மறுபக்கம் போனாள். இன்னொருவர் காலை நீட்டினார், அவருக்கு மேலாகப் பந்தைத் தூக்கிவிட்டு அவள் சுற்றிக்கொண்டு வந்தாள். பிறகு என் எதிரே நின்றாள். அத்தனை அவசரத்திலும் அவள் முகத்தில் ஒரு நிதானம் இருந்தது. கடைக்குப் போய் உப்பு கேட்கிறவள் முகம். அதற்குமேல் நடந்தது எனக்குத் தெரியாது. காதோரம் காற்று போனது, பின்னால் வேலிக் கம்பி அதிர்ந்தது.

கைதட்டல் இல்லை. தட்டுவதற்கு ஆள் இல்லை, எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் செல்லத்துரையும் பேச்சியம்மாளும் நாலைந்து ஆடுகளும்.

ஆட்டம் முடிந்ததும் செல்லத்துரை என்னிடம் வந்தார். “அந்தக் கோலு எப்படி இருந்துச்சு?”

“நான் கண்ணை மூடிக்கிட்டேன் அண்ணாச்சி.”

“நேருக்கு நேர் நின்னது நீங்க ஒரு ஆளு. நீங்களுமா?” என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவ அங்கன வந்து இப்படி ஒரு கோலு போட்டான்னு வையுங்க. அந்த அடியில ஓடுத வரியில, இசக்கின்னு ஒரு தடவ ஓட விடுவியளா? நான் இங்கன இருந்து பாத்துக்கிடுவேன்.”

ஓட விடுகிறேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. பேச்சியம்மாள் தூரத்திலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். லிண்டா சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டிருந்தது. எனக்குப் பொய் புதிதும் இல்லை. ஆனால் அந்த மனிதர் தினமும் விடிகாலையில் எழுந்து அந்த வரியைப் படித்துக்கொண்டே இருப்பார் என்று தோன்றியது. எழுத்துக்கூட்டி, வருஷக்கணக்காக.

“முடியாது அண்ணாச்சி. பெரிய ஆட்டத்துக்கே இடம் கிடையாது. சின்னக் கல்லூரி, அதுலயும் பெண்கள் ஆட்டம். நான் போட்டாலும் எடுத்துருவாங்க. சில சமயம் ஆட்டத்துக்குப் பெத்தவங்க மட்டும்தான் வருவாங்க. நீங்க அங்க இருக்க மாட்டீங்க.”

செல்லத்துரை மகளைக் கூப்பிட்டார். “ஏட்டி, அங்கன ஒன்ன யாரும் பாக்க மாட்டாவளாம். பேரும் வராதாம். அண்ணாச்சியே சொல்லுதாவ. போறியா?”

இசக்கி குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “மேல ஆடும்போது மட்டும் யாருப்பா பாத்தா? நீ பாத்த. மஞ்சு எறங்குனா நீயும் பாக்கல. அதுக்காக ஆடாமலா இருந்தேன்?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “போறேன்” என்றாள்.

செல்லத்துரை தலையை ஆட்டினார். “எம்பொஞ்சாதி சோத்தப் போட்டு என்னைய மடக்கப் பாத்தா. சோத்துக்காக இல்ல அண்ணாச்சி. நான் விசாரிச்சதுல, அந்த வீட்டோட குத்தத்த மறைக்காமச் சொன்னது நீங்கதான். அனுப்புதேன்னு எழுதிருங்க.”

நாலு தடவை தப்பாகத் தட்டி, ஒருவழியாக லிண்டாவுக்கு அனுப்பினேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்க வேண்டும். உடனே பதில் வந்தது. எழுத்தே இல்லை, திரை முழுக்கக் கைதட்டும் படங்களும் சிரிக்கும் முகங்களும் பந்துகளும். செல்லத்துரை கைபேசியை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

“சந்தோசமா இருக்காவளோ?”

“ரொம்ப.”

“நல்லது” என்று திருப்பிக் கொடுத்தார். “ஒரு வீட்டுலயாவது இருக்கட்டும்.”